ஓடாத படங்களின் ஆச்சி

வாழைக்காய் வறுவல் பரிமாறப்பட்டுக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம் ஒரு பிணத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். காரைக்குடியில் ஒரு திருமணப் பந்தி. எனக்கு வலப்புறம் ஆச்சி; இடப்புறம் முன்பின் அறியாத ஒரு பெரியவர். ஆச்சியை அப்போது எனக்கு அவ்வளவாகத் தெரியாது. கண்டனூரில் அவருடைய பெரிய வீட்டுக்கு எதிர்வீட்டில் நான் அண்மையில்தான் குடியேறியிருந்தேன். கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன் என்பதை மட்டும் அவர் எப்படியோ தெரிந்துவைத்திருந்தார்.

“ஒரு படம் இருக்கு தம்பி. கெணத்துக்குள்ள ஒருத்தரு செத்துக் கெடக்காரு. கால் தவறி விழுந்துட்டாருன்னு ஊரே சொல்லுது. ஆனா மூஞ்சியில மூக்குக்கண்ணாடி போட்டபடி இருக்கு. அம்புட்டு ஒசரத்துல இருந்து விழுந்தவருக்குக் கண்ணாடி நிக்குமா?”

“நிற்காதுதான்,” என்றேன்.

“போலீசுக்காரவுக, பொண்டாட்டி, பிள்ளைக, பொணத்த வெளிய தூக்குனவுக, எல்லாரும் அந்தக் கண்ணாடியப் பாக்குறாக. ஒருத்தருக்கும் ஒண்ணும் தோணலை. படமும் அப்பிடித்தான். வந்த வாரமே எடுத்துட்டாக. ஒருத்தரும் பாக்கலை.”

இடப்புறத்துப் பெரியவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல், “பெறகு?” என்று கேட்டார்.

“பெறகு படத்துல பாத்துக்கங்க. ரசம் வருது, கையெடுங்க.”

மறுநாள் பிற்பகல் அந்தப் படத்தைக் காண ஆச்சியின் வீட்டுக்குச் சென்றேன். பெரியவர் காரைக்குடியிலிருந்து ஆட்டோ பிடித்து எனக்கு முன்பே வந்து ஜமுக்காளத்தில் அமர்ந்திருந்தார்.

ஆச்சிக்கு அப்போது ஐம்பது வயது கடந்திருக்கும். கணவர் மலேசியாவில் வாணிகம் செய்து அங்கேயே இறந்தவர், பிள்ளைகள் இல்லை. பங்காளிகள் பலருக்கும் பொதுவான அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் வாழ்ந்தவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் திருமணத்துக்கும் முன்னோர்க்குப் படையலிடும் படைப்புக்கும் வருவார்கள். தத்தம் அறைகளின் பூட்டைத் திறப்பார்கள், இரண்டொரு நாளில் மீண்டும் பூட்டுவார்கள். அவர்கள் இல்லாத காலங்களில் அந்த வீட்டின் நீண்ட உணவுக்கூடத்தில், பந்திக்கட்டு என்று அவ்வூரார் சொல்வதில், ஞாயிறுதோறும் பிற்பகலில் ஆச்சி ஒரு படம் காட்டுவார். குற்றப் படம். அவற்றுள்ளும், வெளிவந்தபோது எவரும் ஏறெடுத்துப் பாராத படம்.

வெற்றி பெற்ற படம் ஒன்றை அவர் பரிந்துரைத்து நான் கேட்டதில்லை. “அதைத்தான் ஊரே சொல்லுதுல்ல, நான் வேற எதுக்கு?” என்பார். தோற்ற படம் என்னும் சொல்லையே அவர் ஏற்கவில்லை. ஒரு படம் தோற்றது என்றால், பார்த்தவர்கள் அதை வெறுத்தார்கள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் பார்க்கவே ஆள் வரவில்லை என்பதுதான் உண்மை. “சாட்சி ஒருத்தரையும் விசாரிக்காமத் தீர்ப்புச் சொல்லிட்டாக தம்பி. நான் மேல்முறையீடு பண்ணிக்கிட்டு இருக்கேன்.”

எல்லா ஓடாத படங்களும் அவருடைய முறையீட்டுக்கு உரியவையாகவும் இல்லை. குப்பையைக் குப்பை என்று சொல்ல அவர் தயங்கியதே கிடையாது. துப்பாக்கி வந்தால் முகம் சுளிப்பார். “துப்பாக்கிக்கு மூளை வேணாம். தூரத்துல நின்னு சுட்டுட்டுப் போயிரலாம். பக்கத்துல உக்காந்து, காப்பி குடிச்சு, பேசி, பெறகு கொல்றான் பாருங்க, அதுக்குத்தான் மனசுன்னு ஒண்ணு வேணும்.” காவல் அதிகாரி மிக அழகாக இருந்தால் அவருக்கு ஐயம் வந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறந்தவருக்கு ஒரு வாழ்க்கை இருந்திருக்க வேண்டும் என்பார். முதற்காட்சியில் பிணமாகவே அறிமுகமாகி, இறுதிவரை ஒருவராலும் நினைக்கப்படாத பெண்ணை வைத்துக் கதை நகர்த்தும் படங்களைப் பாதியில் நிறுத்திவிடுவார். “செத்தவளுக்கு என்ன குழம்பு பிடிக்கும்னுகூட எடுத்தவனுக்குத் தெரியலை. இவன் எங்குட்டுக் கொலைகாரனக் கண்டுபிடிக்கப் போறான்?”

படத்தை ஆளறிந்து கொடுப்பார். தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுப்பவருக்கு, வாரந்தோறும் தேய்க்க வரும் ஒரே சட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தான் மட்டும் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்கும் சலவைக்காரரைப் பற்றிய படம். அந்த மனிதர் ஒரு மாதம் எல்லார் சட்டையிலும் பொத்தான்களை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். அடுத்த தெருவுக்கு மணமாகி வந்த பெண்ணுக்கு, பெரிய வீடொன்றில் வாழப் போகும் மருமகள் உட்புறம் தாழிட்ட அறை ஒன்றைக் காணும் படம். இரண்டு நாள் கழித்து மாமியார் சண்டைக்கு வந்துவிட்டார்.

“என்ன ஆச்சி இப்பிடிப் பண்ணிட்டீக? என் மருமக அந்தக் கோடி அறைப்பக்கமே போக மாட்டேங்குறா.”

“நீங்க அந்த அறையில என்ன வச்சிருக்கீக?”

“பழைய பாத்திரம்.”

“அப்பக் கதவத் தெறந்து காட்டிர வேண்டியதுதானே. அதுக்கு ஏன் எங்கிட்ட வந்து மூச்சு வாங்குறீக?”

இத்தகைய நாட்டத்துக்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்று ஊர் நம்பியது. ஓர் ஆண் குற்றப் படம் பார்த்தால் அது பொழுதுபோக்கு. கணவனை இழந்த பெண் பார்த்தால் அதற்குப் பின்னால் ஏதோ நிகழ்ந்திருக்க வேண்டும். கணவர் இறந்த விதத்தைப் பற்றிச் சிலர் கிசுகிசுத்தார்கள். அவர் மாரடைப்பால், உறவினர் பலர் சூழ, மருத்துவமனையில் இறந்தவர். அது கதைக்கு ஒத்துவராததால் ஒருவரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நலம் விசாரிக்கும் பாவனையில் ஓர் உறவுப் பெண் ஒருநாள் என் முன்னிலையிலேயே கேட்டுவிட்டார்.

“தப்பா நெனைக்காதீக ஆச்சி. சின்ன வயசுல உங்களுக்கு ஏதும் நடந்துச்சா?”

ஆச்சி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. “நீங்க தெனம் சாயந்தரம் நாடகம் பாக்குறீகள்ல?”

“ஆமா.”

“அதுல மாமியாருக்குப் பால்ல மருந்து கலக்குறாக, மூத்தவளை மாடியில இருந்து தள்ளுறாக. உங்க வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நான் ஒரு நாளாச்சும் கேட்டேனா? எனக்குப் பிடிச்சிருக்கு, பாக்குறேன். அம்புட்டுத்தான்.”

அந்த ‘அம்புட்டுத்தான்’ என்பதில் அவருடைய முழு உருவமும் இருந்ததாக எனக்குப் படும். காரணம் கேட்பவர்களுக்கு ஒரு துயரத்தைக் காட்டியிருந்தால் ஊர் அவரை மன்னித்திருக்கும். பாவம் என்று சொல்லி விலகியிருக்கும். மன்னிக்கப்படுவதற்கு அவர் ஒருபோதும் இடம் கொடுக்கவில்லை.

பங்காளிகளுக்கென ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. காலையில் பூக்களும் கோபுரங்களும் வரும். வெள்ளிக்கிழமைகளில் அவற்றுக்கு நடுவே ஆச்சியின் பரிந்துரை வந்து விழும். ‘மழை. ரயில்வே கேட். காவலர் வீட்டில் ஒரு குடை கூடுதலாக இருக்கிறது. பாருங்கள்.’ அவ்வளவுதான் எழுதுவார். புதுவயலில் அரிசி ஆலை வைத்திருந்த பங்காளி ஒருவர், கணவர் வழியில் ஆச்சிக்குத் தம்பி முறை, அந்தக் குழுவை நடத்திவந்தார். தொலைபேசியில் அழைத்து அவர் மன்றாடினார்.

“ஆச்சி, இது குலதெய்வத்துக் குரூப்பு. இதுல போயிக் கொலை, ரத்தம்னு போடுறீகளே.”

“நம்ம குலதெய்வம் கையில என்ன வச்சிருக்கு தம்பி?”

விடையையும் ஆச்சியே சொன்னார்.

“அரிவாள். அது என்ன கருவேப்பிலை நறுக்கவா வச்சிருக்கு?”

அன்று மாலை அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆச்சி அதை என்னிடம் காட்டிச் சிரித்தார். “என்னையத் தூக்கிட்டாக. பொணத்த எங்க பொதைச்சாகன்னுதான் தெரியலை.”

ஞாயிற்றுக்கிழமைக் காட்சிகளுக்குத் தெருப்பெண்கள் வருவார்கள். புதுவயல் ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் சிலரும் வருவார்கள். அவர்களுள் உயரமான ஒருத்தி, மேலே சொன்ன பங்காளியின் ஆலையிலேயே நெற்களத்தில் பணிபுரிந்தவள், ஆச்சிக்கு மிக வேண்டியவள். படம் முடிந்ததும் கொலைகாரனை விடச் சாட்சிகளைத்தான் அவள் திட்டுவாள். திரை கட்டும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. பந்திக்கட்டின் சுவர் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு, கண்ணாடிபோல் மின்னும். முதன்முதல் அதில் நேரே புரொஜெக்டர் ஒளியைப் பாய்ச்சியபோது வில்லனின் நெற்றியில் ஒரு சூரியன் உதித்து நின்றது. ஆகவே எட்டு முழ வேட்டி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, சன்னல் கதவுகளைச் சாத்திவிடுவோம்.

கேடு வந்தது ஒரு திருமணப் பேச்சின் வழியாக. பங்காளி ஒருவரின் பேத்திக்கு மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிறு முன்னறிவிப்பின்றி வீட்டைப் பார்க்க வந்தார்கள். பந்திக்கட்டில் எத்தனை இலை விழும் என்று தெரிந்துகொள்ள விரும்பிக் கதவைத் திறந்தார்கள். வேட்டியில், புளியமரத்தடியில் ஒரு பெண் மூச்சிரைக்கக் குழி தோண்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் தந்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் அத்தை மட்டும் உள்ளே வந்து ஓரமாக அமர்ந்து, “யாரப் பொதைக்கிறாக?” என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். தந்தை மூன்று முறை அழைத்தும் அவர் எழவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். திருமணம் என்னவோ தடையின்றி நடந்தது. ஆனால் செய்தி சென்னையிலிருந்த மூத்த பங்காளியின் காதுக்குப் போய்விட்டது.

மூத்த பங்காளி ஆச்சிக்கு மாமனார் முறை. கணவரின் சிற்றப்பா. அவர் சொல்லுக்கு மறுசொல் அந்த வீட்டில் கிடையாது. அவ்வாண்டுப் படைப்பில், படையலும் உணவும் முடிந்து, எல்லோரும் பந்திக்கட்டின் குளிர்ந்த தரையில் சாய்ந்திருந்த வேளையில் அவர் பேச்சை எடுத்தார். எதிர்வீட்டுக்காரன் என்று உணவுக்கு அழைக்கப்பட்டிருந்த நான் தூணோரம் இருந்தேன்.

“ஆத்தா, நீ இங்க இருக்குறது எங்களுக்குச் சந்தோசம். வீடு தூசி அடையாம இருக்கு. ஆனா பந்திக்கட்டுல இனிமே படம் போட வேணாம். மங்கலக் காரியம் நடக்குற எடம்.”

“எனக்கும் பாத்தியப்பட்ட எடந்தானே மாமா?”

“பொது எடம். எல்லாருக்கும் பாத்தியம்.”

“அந்த எல்லாருக்குள்ள நானும் இருக்கேன்ல?”

மூத்த பங்காளிக்குச் சினம் ஏறியது. இப்படி எதிர்த்துக் கேட்கப்படுவதற்கு அவர் பழகியவர் அல்லர். “இருக்க. ஆனா இங்க உள்ளவுகள்லாம் முழுப்புள்ளி. நீ அரைப்புள்ளி. அரைப்புள்ளிக்கு அரைதான்.”

நகரத்தார் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. ஒருவர் இறந்துவிட்டால் எஞ்சியவர் அரைப்புள்ளி. துணையை இழந்தவரிடம் கோயில் வரியைப் பாதி வாங்கினால் போதும் என்னும் பரிவிலிருந்து பிறந்த கணக்கு அது. வீட்டு உரிமைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போது ஆச்சிக்கு மிஞ்சியிருந்தது அந்தக் கூடம் ஒன்றுதான். அதுவும் போனால், தம் சிறிய அறையில் ஒடுங்கி, பிறர் வீட்டைக் காத்துக்கிடக்கும் காவற்காரியாக அவர் ஆகியிருப்பார்.

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். “அரை உண்டுங்கிறீக?”

“உண்டு.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீகளா? மாமா அரை உண்டுன்னு சொல்லிட்டாக.” பிறகு தூண்பக்கம் திரும்பினார். “தம்பி, வேட்டியக் கட்டுங்க. என் அரைய இப்பவே எடுத்துக்கிறேன்.”

என்ன செய்கிறார் என்று புரிவதற்குள் சன்னல்கள் சாத்தப்பட்டுவிட்டன. வயிறார உண்ட கூட்டம். எழுந்து போகச் சோம்பல். ஆலைக்காரர், “நான் தூங்கத்தான் போறேன்,” என்று அறிவித்துவிட்டு மல்லாந்து படுத்தார். மூத்த பங்காளி தம் பர்மாத் தேக்கு நாற்காலியை வாசற்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, திரைக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார்.

அன்று ஆச்சி தேர்ந்தெடுத்த படம் ஓர் அரிசி ஆலையின் எடைமேடையில் நடப்பது. பெரிய நடிகர் ஒருவரின் படம் வந்த அதே நாளில் வெளிவந்து, சுவரொட்டி காய்வதற்குள் அதன்மேல் வேறு சுவரொட்டி ஒட்டப்பட்ட படம். எடை பார்க்கும் மனிதர் ஆண்டுக்கணக்காக ஒரே லாரியைப் பார்த்துவருகிறார். நெல்லை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதன் வெற்று எடை அவருக்கு மனப்பாடம். ஒரு மாலை, காலியாகத் திரும்பும் அந்த லாரி ஓர் ஆளின் எடை அளவுக்குக் கூடுதலாக இருக்கிறது. முதலாளியிடம் சொல்கிறார், சேறு என்று சிரிக்கிறார்கள். மறுநாள் ஆலையின் கணக்கப்பிள்ளையைக் காணவில்லை. எவரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

படம் தொடங்கிச் சற்று நேரத்தில் குறட்டை ஒலி நின்றது. ஆலைக்காரர் ஒருக்களித்தார். பிறகு முழங்கையை ஊன்றினார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். “அந்த முள்ளு அப்பிடி ஆடாதுய்யா,” என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பெண்கள் வெற்றிலைத் தட்டைக் கைமாற்றுவதை மறந்தார்கள். வேட்டியில் அந்த எடைக்காரர், மீண்டும் வந்த லாரியை நிறுத்தினார். ஓட்டுநரை இறக்கினார், உடன் வந்தவரை இறக்கினார், பின்கதவைத் திறந்தார். ஒன்றுமில்லை. வெறும் பலகை. உபரிச் சக்கரத்தையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டு எடையைப் பார்த்தார். ஓர் ஆளின் எடை அப்படியே இருந்தது.

ஆச்சி மின்கம்பியைப் பிடுங்கினார்.

“என் அரை முடிஞ்சுபோச்சு. சன்னலத் தெறங்க தம்பி.”

அதன்பின் எழுந்த ஒலியை நான் வேறெந்தப் படைப்பிலும் கேட்டதில்லை. “டீசலு,” என்றார் ஆலைக்காரர். “டேங்க நெப்பி விட்டிருப்பான். அதான் எடை.”

“டேங்குல குச்சிய விட்டுப் பாத்தாரு தம்பி. நீங்க அப்ப முள்ளக் கொறை சொல்லிக்கிட்டு இருந்தீக.”

“ஆச்சி, வெளையாடாதீக. மிச்சத்தப் போடுங்க.”

“மிச்சம் எனக்கு இல்லையே. முழுப்புள்ளி யாரும் இருந்தா, தங்கிட்ட உள்ளதப் போடுங்க.”

இளையவர்கள் கைப்பேசியில் தேடினார்கள். அந்தப் படம் எங்கும் கிடைக்கவில்லை. சிறிய தொலைக்காட்சி ஒன்று எப்போதோ நடுப்பகலில் ஒளிபரப்பியபோது ஆச்சி பதிவுசெய்து வைத்தது. அந்தப் பென் டிரைவை அவர் இடுப்பில் செருகிக்கொண்டுவிட்டார். கதையையாவது சொல்லச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவர் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

மூத்த பங்காளி மாலையில் காரில் ஏறுமுன் தணிந்த குரலில் கேட்டார். “கடைசியில ஒரு சத்தம் கேட்டுச்சே. கிர்ருன்னு. என்னத்தா அது?”

“பாத்தவுகளக் கேளுங்க மாமா.”

“சரி. ஞாயித்துக்கெழம போட்டுக்க. நான் அனுமதிக்கிறேன்.”

“அனுமதி வேணாம். எனக்குள்ளதச் சொல்லுங்க, போதும். அதையும் இங்க வாசல்ல வச்சு வேணாம், சொன்ன எடத்துலயே சொல்லுங்க.”

கார் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு முதல் ஆச்சி ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். பந்திக்கட்டில் படத்தின் முற்பாதி மட்டும் ஓடும். இடைவேளையில் நாங்கள் அனைவரும் எழுந்து, ஜமுக்காளத்தையும் வேட்டியையும் கருவியையும் சுமந்துகொண்டு, எவருடைய கேள்விக்கும் உட்படாத அவருடைய சொந்த அறைக்குப் போவோம். அங்கே ஒருவர் மடியில் ஒருவர் அமர்ந்ததுபோல் நெருக்கியடித்துக்கொண்டு பிற்பாதியைப் பார்ப்போம். வியர்த்துக் கொட்டும். “இதென்ன ஆச்சி, வீம்பு?” என்று ஒருமுறை நான் சலித்துக்கொண்டேன். பூட்டிக் கிடக்கும் வீட்டில் யார் வந்து அளக்கப் போகிறார்கள் என்பது என் வாதம்.

“ஆமா, வீம்புதான். அரைன்னு சொன்னாகள்ல, அரைன்னா எப்பிடி இருக்கும்னு எல்லாரும் பாக்கட்டும். நான் திருட்டுத்தனமா முழுசாப் போட்டா, அவுக சொன்னது மறந்துபோகும்.”

ஊர் பார்த்தது. ஞாயிறுதோறும் ஜமுக்காளம் சுமந்துபோகும் அந்த ஊர்வலத்தைத் தெருவே பேசியது. எடைமேடைப் படத்தைத் தெருப்பெண்கள் இரண்டு பாதியும் பார்த்துவிட்டார்கள். பங்காளிகள் மட்டும் ஆண்டு முழுவதும் அழைத்தபடி இருந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து ஒருவர், தம் மனைவி தூங்குவதில்லை என்றார். ஆலைக்காரர் தம் ஆலை எடைமேடையில் காலி லாரிகளை நிறுத்தி ஆராயத் தொடங்கிவிட்டதாகக் களத்துப் பெண் வந்து சொன்னாள். விடை தெரிந்திருந்தும் அவளும் வாய் திறக்கவில்லையாம். “கேட்டாக ஆச்சி. கூலி வேணாலும் கூட்டித் தாரேன்னாக. அதத் தனியாக் கூட்டுங்க முதலாளின்னு சொல்லிட்டேன்.”

அடுத்த ஆண்டுப் படைப்பு வந்தது. எனக்கும் அழைப்பு வந்தது. உணவு முடிந்து இலைகள் எடுக்கப்பட்ட பின், ஒருவரும் சாயவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மூத்த பங்காளி தொண்டையைச் செருமினார்.

“போன வருசம் ஒரு வார்த்தை சொன்னேன். அது கோயில் கணக்கு. வீட்டுக் கணக்கு இல்ல.” எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். “ஆத்தா, ஒன்னைய இனிமே முழுப்புள்ளியாவே வச்சுக்கிறோம். போதுமா?”

பெருந்தன்மையான சொல் என்று எனக்குத் தோன்றியது. ஆச்சி தலையசைத்தார், இல்லை என்பதற்கான அசைவு.

“வேணாம் மாமா. அவுக போயிட்டாக, நான் அரைப்புள்ளிதான். அதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல. முழுசாக்கி எனக்கு மருவாதி பண்ண வேணாம். அரைப்புள்ளிக்கும் முழுக்கூடம் உண்டுன்னு சொல்லுங்க. எனக்குப் பெறகு இங்க இன்னொருத்தி இப்பிடி இருப்பால்ல, அவளுக்கும் சேத்துச் சொல்லுங்க.”

அந்தக் கூட்டத்தில் வெள்ளைச் சேலை உடுத்திய பெண்கள் இருவர் இருந்தார்கள் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அவர்கள் ஆச்சியைப் பார்க்கவில்லை, பெரியவரைப் பார்த்தார்கள். ஒரு நாட்டாண்மைக்காரரின் வாழ்நாளில் எளிதாக வராத சொல் அது. ஆனால் வந்தது.

“அரைப்புள்ளிக்கும் முழுக்கூடம் உண்டு.”

ஆலைக்காரர் துள்ளி எழுந்து தாமே சன்னல்களைச் சாத்தப் போனார். ஆச்சி அவரைக் கடந்து வாசலுக்கு நடந்து, பெரிய கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கமாக வரும் பெண்கள் தெருவில் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். படைப்பு நாளில் உள்ளே அழைப்பிருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். ஆயினும் வந்து நின்றிருந்தார்கள்.

“வாங்கத்தா. ஏன் தெருவுல நிக்கிறீக?”

“ஆத்தா, இது பங்காளிக—” என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

“முழுக்கூடம்னு இப்பத்தானே சொன்னீக,” என்றார் ஆச்சி, திரும்பாமல்.

அவர்கள் உள்ளே வந்தார்கள். எப்போதும் அமரும் இடத்தில், திரைக்கு நேர்முன்னே, எப்போதும்போல் அமர்ந்துகொண்டார்கள். படத்தைத் தொடக்கத்திலிருந்தே ஓடவிடச் சொன்னார் ஆச்சி. பங்காளிகள் கிடைத்த இடத்தில் ஒடுங்கினார்கள். ஆலைக்காரர் ஓடிவந்து உட்கார்ந்த இடம், தம் ஆலையின் களத்துப் பெண்ணுக்கு நேர்ப்பின்னே. எடைமேடையின் முள் வேட்டியில் அசையத் தொடங்கியது. அவர் இடப்புறம் எட்டிப் பார்த்தார். வலப்புறம் எட்டிப் பார்த்தார். இறுதியில் அவள் தோளைத் தொடாமல் தரையில் விரலால் தட்டினார்.

“கொஞ்சம் தலையச் சாச்சுக்கத்தா. முள்ளு மறைக்குது.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பின்னாடி வந்தவுக பின்னாடித்தான் உக்காரணும் முதலாளி. அடுத்த வாரம் சுருக்கா வாங்க.”